ஆயுட்கால உத்தரவாதம்

டிராமென் நகரில், டயர்க் கிடங்கின் மேல்மாடியில்
மறுப்பு எழுதுவது என் வேலை.
நன்றாகவே எழுதுவேன்.
‘வருந்துகிறோம்’ முதல் வரியிலேயே வந்துவிட வேண்டும்;
தள்ளிப்போனால்
நிஜமாகவே வருந்துவது போல் ஆகிவிடும்.

சுன்னிவா எவென்சன், டிரான்ட்ஹைம்.
நான்கு படங்கள் அனுப்பியிருந்தாள்.
பெடல் அச்சுக்கு ஒரு விரற்கடை மேலே
வெல்டிங் தழும்பை ஒட்டியே ஓடும் விரிசல்.
அளவு தெரியட்டும் என்று பக்கத்தில்
ஒரு குரோனா நாணயம் பிடித்திருந்தாள்.
நாணயத்தின் நடு ஓட்டையில்
அவள் சமையலறைத் தரை கொஞ்சம் தெரிந்தது,
நீலக் கட்டம்.

ரசீது உண்டா? உண்டு.
முதல் உரிமையாளரா? ஆம்.
வண்டி எப்போதாவது விழுந்ததா?
‘இல்லை. விழுந்தது நான். அது உடைந்த பிறகு.’
பனிக்காலத்தில் ஓட்டினீர்களா?
‘இது நார்வே.’
அந்த மடலில் அவ்வளவுதான்.

சாலையில் தூவும் உப்பு எங்களுக்குப் பெருந்துணை.
துரு என்றால் உப்பு, தேய்வு என்றால் உப்பு,
நகராட்சி உப்பிடுகிறது,
நாங்கள் உள்ளளவும் நினைக்கிறோம்.
ஆனால் இவளுடைய ஃபிரேம் அலுமினியம்.
துரு பிடிக்காது என்று
விளம்பரத்தில் நாங்களே சொல்லியிருந்தோம்.

அடுத்த மடலில் கேட்டாள்:
ஆயுட்கால உத்தரவாதம் என்கிறீர்களே,
யாருடைய ஆயுள்?
என்னுடையது என்றால், இன்னும் இருக்கிறேன்,
முழங்காலில் மூன்று தையலோடு.

ஆயுள் என்பது ஃபிரேமின் ஆயுள்.
விரிசல் கண்டதும் அது முடிந்தது.
அது முடிந்ததால் உத்தரவாதமும் முடிந்ததாகக் கருதப்படுகிறது.
யாரால் கருதப்படுகிறது என்று
மூன்று வருடமாக யாரும் கேட்டதில்லை.
அனுப்பிவிட்டுக் காபி எடுக்கப் போனேன்.
இயந்திரத்தில் பால் தீர்ந்திருந்தது.

பிறகு தொலைபேசியில் வந்தாள்.
ரைடுன் அவளை நாற்பத்தொரு நிமிடம் காத்திருக்க வைத்து
என்னிடம் தள்ளினாள்.
‘உங்கள் காத்திருப்பு இசை
சுருதி கொஞ்சம் இறங்கியிருக்கிறது’ என்றாள் முதலில்.
கோபமே இல்லை குரலில்.
வீடு வீடாகப் போய்ப் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவளாம்.
கருவிப் பெட்டி பின் கேரியரில்.
‘நல்ல குழாயைத் தட்டினால் பாடும்.
என்னுடையது ஜனவரியிலேயே டொக் என்றது.
அப்போதே உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும்.’

கருவிப் பெட்டி.
கேரியர்.
தொழில்.
வணிகப் பயன்பாடு, பிரிவு ஒன்பது.
பேசிக்கொண்டிருக்கும்போதே தட்டச்சு செய்துவிட்டேன்.
அவள் வாய்திறந்து தந்ததை வைத்தே
அவள் கதவைச் சாத்தினேன்.
நன்றி சொல்லித்தான் வைத்தாள்.

மாலை, நிலையத்தில் பூட்டைத் திறக்கும்போது
சட்டைப்பையில் ஒரு குரோனா இருந்தது.
என் வண்டியும் அதே மாடல்,
ஊழியர் தள்ளுபடியில் வாங்கியது.
சும்மாதான் தட்டினேன்.
மேல் குழாய் பாடியது.
கீழ்க் குழாய் பாடியது.
இருக்கைக் குழாயை அடிவரை தட்டிக்கொண்டே போனேன்,
பெடல் அச்சுக்கு ஒரு விரற்கடை மேலே
டொக்.

கண்ணுக்கு எதுவும் இல்லை.
நகத்துக்கு இருந்தது.

ஏறவில்லை. உருட்டிக்கொண்டே போனேன்,
காலடியில் உப்பு நறநறக்க, ஆறு கிலோமீட்டர்.

மறுநாள் அவள் கோப்பைத் திறந்தேன்.
மறுபரிசீலனைக்குக் காரணம் தேர்ந்தெடுக்கச் சொன்னது திரை.
ஆறு காரணங்கள்.
ஆறும் எங்களுக்குச் சாதகமானவை.
ஏழாவதாக ‘பிற’, பக்கத்தில் சின்னக் கட்டம்,
நாற்பது எழுத்துக்கு மேல் ஏற்காது.
‘டொக்’ என்று எழுதினேன்.

பதினொரு மணிக்கு மேலாளர் கூப்பிட்டார்.
இது என்ன, டொக்?
குரோனாவை எடுத்து அவர் மேசையில் வைத்தேன்.
என் வண்டி கீழே கிடங்கு வாசலில் சாய்ந்திருக்கிறது,
போய்த் தட்டிப் பாருங்கள் என்றேன்.

இன்னும் போகவில்லை அவர்.
நாணயம் அங்கேயே கிடக்கிறது,
நடு ஓட்டையில்
மேசை கொஞ்சம் தெரிய.